சீன முற்ற வீடு தேவாலயமாகும்போது

சீனப் பாணித் தேவாலயம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது வளைந்த ஓட்டுக் கூரையும் சிவப்புத் தூண்களும் உச்சியில் ஒரு சிலுவையும்தான். ஆனால் கூரை இதில் கடைசிப் பிரச்சினை. முதல் பிரச்சினை, வாசல் எந்தப் பக்கம் என்பது. சீன மண்டபம் அகலவாட்டில் நிற்கும். நீளமான பக்கத்தின் நடுவில் நுழைவோம், நாலைந்து எட்டில் எதிர்ச்சுவர் வந்துவிடும். ஐரோப்பியத் தேவாலயம் நீளவாட்டில் கிடக்கும். ஒடுங்கிய முனையில் நுழைந்து, மறுமுனையில் இருக்கும் பீடத்தை நோக்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஒன்றில் வழிபாடு பக்கவாட்டில் விரிகிறது, மற்றதில் முன்னோக்கிப் போகிறது. கடந்த நானூறு ஆண்டுகளில் சீனாவில் கட்டப்பட்ட உள்ளூர்ப் பாணித் தேவாலயங்களைப் புரிந்துகொள்ள இந்த ஒரு முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முற்ற வீட்டின் உறுப்புகள்

பெய்ஜிங்கின் சிஹெயுவான், நடுவில் திறந்த முற்றமும் நாலு பக்கமும் தனித்தனிக் கட்டடங்களும் கொண்ட வீடு. வடக்கே தெற்கு பார்த்து நிற்பது தலைமைக் கூடம். கிழக்கிலும் மேற்கிலும் பக்க அறைகள். தெற்கே, முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு ஒரு வரிசை. தெருவாசல் நடுவில் இருக்காது, தென்கிழக்கு மூலையில் இருக்கும். வாசலைக் கடந்ததும் யிங்பி எனும் மறைப்புச் சுவர் எதிரே நிற்கும். அதைக் கண்டு இடப்பக்கம் திரும்பினால் சிறிய வெளிமுற்றம். அங்கிருந்து வடக்கே திரும்பி, அலங்கரித்த உள்வாசலைத் தாண்டினால்தான் பெரிய முற்றமும் கூடமும் தெரியும். வசதியான வீடுகளில் இந்த முற்றங்கள் இரண்டு கட்டு, மூன்று கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போகும். உள்ளே போகப் போக அந்தரங்கமும் மரியாதையும் கூடும்.

இதில் கவனிக்க வேண்டியது, கட்டடங்கள் ஒன்றையொன்று தொட்டாலும் கூரைகள் சேர்வதில்லை என்பது. ஒவ்வொன்றுக்கும் தன் கூரை, தன் இறவாரம். இணைப்பு வேலையைத் தாழ்வாரங்கள் பார்த்துக்கொள்ளும். பின்னால் மழைநீரைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

கோவில், அரண்மனை, அரசு அலுவலகம் ஆகியவற்றுக்கும் இதே இலக்கணம்தான். ஒரே பெரிய வேறுபாடு, அங்கே வாசல் மூலையில் இல்லாமல் நடு அச்சில் இருக்கும். தேவாலயம் கட்ட வந்தவர்கள் வீட்டைப் பின்பற்றினார்களா, கோவிலைப் பின்பற்றினார்களா என்பதை வாசலின் இடத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பவனிக்கும் சவப்பெட்டி தூக்கி வருவதற்கும் மூலைவாசலும் மறைப்புச் சுவரும் பெரும் இடைஞ்சல்: நாலு பேர் தோளில் வரும் பெட்டி இரண்டு முறை செங்கோணத்தில் திரும்ப வேண்டும். அதனால் கூட்டம் பெருகிய இடங்களில் வாசல் நடு அச்சுக்கு வந்துவிடுகிறது. வாசற்படியின் குறுக்கே உயரமாக நிற்கும் மரத் தடுப்பையும் மறக்கக்கூடாது. சில வாசல்களில் அதைக் கழற்ற முடியும். பக்கத் தூணில் உள்ள வெட்டில் மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். கழற்ற முடியாத இடத்தில் பவனியில் வருபவர் கால் தடுக்குவது வாடிக்கை.

அங்கணக் கணக்கு

சீனக் கட்டடத்தை அளப்பது அங்கணத்தில்: இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு அங்கணம். அகலம் வழக்கமாக ஒற்றைப்படையில்தான் போகும், 3, 5, 7 என்று. அப்போதுதான் நடுவில் ஒரு அங்கணம் அமையும். ஆழத்தை எண்ணுவது வளைமரத்தில். கைமரங்களைத் தாங்கிக்கொண்டு முகட்டுக்கு இணையாக ஓடும் மரம் அது. இன்றைய பொறியாளர்கள் பர்லின் என்பார்கள்.

அகலம் ஆசைப்படி வைத்துக்கொள்ளக்கூடியது அல்ல. மிங் வம்ச அரசு 1393-இல் போட்ட விதிப்படி சாதாரணக் குடிமகனின் வீடு 3 அங்கணம், 5 வளைமரத்தைத் தாண்டக்கூடாது. இறவாரத்தின் கீழே அடுக்கும் தாங்கு கட்டைகளும் வண்ணப் பூச்சும் கூடாது. 1447-இல் வளைமர எண்ணிக்கையைத் தளர்த்தினார்கள், அங்கண எண்ணிக்கையைத் தளர்த்தவில்லை. ஆழமாகக் கட்டலாம், அகலமாகக் கட்டக்கூடாது. பெரிய கூடம் வேண்டும் என்றால் உயர்குடியின் மாளிகையை விலைக்கு வாங்க வேண்டும். ஷாங்காயில் 1640-இல் அதுதான் நடந்தது. யூ தோட்டத்தை அமைத்த பான் குடும்பத்தின் கூடத்தை, அறிஞர் ஷூ குவாங்சியின் பேத்தி காந்திதாவின் உதவியுடன் இத்தாலியச் சேசு சபைக் குரு பிராங்காத்தி வாங்கித் தேவாலயமாக்கினார். பழைய நகரத்தில் அந்த மரக்கூடம் ஜிங்யி தாங் என்ற பெயரில் அறியப்படுகிறது. யோங்செங் பேரரசர் கிறிஸ்தவத்தைத் தடைசெய்த பின் அதே கூடம் குவான் தி எனும் போர்த் தெய்வத்தின் கோவிலாயிற்று; 1861-இல் மறுபடி கத்தோலிக்கர் கைக்கு வந்தது. மாளிகை, தேவாலயம், கோவில் என்று மூன்றுக்கும் அந்தக் கூடம் ஈடுகொடுத்தது என்றால் காரணம் எளிது. பாரத்தைத் தாங்குவது தூணும் உத்திரமும்தான். சுவர் வெறும் அடைப்பு. சுவர் விழுந்தாலும் வீடு நிற்கும் என்பது சீனத் தச்சர்களின் பழைய வழக்கு.

கைக்கு அடக்கமான ஒரு கூடத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மிங்குக்குப் பின் வந்த சிங் வம்ச அரசு 1734-இல் வெளியிட்ட கட்டட விதித்தொகுப்பு, சிறு கட்டடங்களுக்கு ஒரு சூத்திரம் தருகிறது: அங்கண அகலத்தில் பத்தில் எட்டுப் பங்கு தூணின் உயரம், நூறில் ஏழு பங்கு தூணின் விட்டம். அக்காலக் கட்டட அடி 32 செ.மீ.; பத்தடி அங்கணம் என்றால் 3.2 மீ. ஆக, தூண் உயரம் 2.56 மீ., விட்டம் சுமார் 22 செ.மீ. மூன்று அங்கணமும் சமம் என்று வைத்தால் அகலம் 9.6 மீ. (நடைமுறையில் நடு அங்கணம் சற்றுப் பெரிதாக இருக்கும்.) ஏழு வளைமரம் என்றால் நடுவே ஆறு இடைவெளிகள்; ஒவ்வொன்றும் 1.07 மீ. என்றால் ஆழம் 6.4 மீ. மொத்தம் 61 சதுர மீட்டர். பீடத்துக்கும் நடைவழிக்கும் கால்பங்கு போக, நெருக்கி மண்டியிட்டால் 75 பேர்.

பழைய கூடத்தை அப்படியே வைத்துக்கொள்வது

திருத்தூதர் பணிக்கு வந்தவர்களுக்குப் பணமும் அனுமதியும் குறைவாக இருந்த காலத்தில் இதுதான் வழி. நடு அங்கணத்தில், வடக்குச் சுவரை ஒட்டிப் பீடம். கூடத்தின் உள்தடுப்புகளைக் கழற்றினால் மூன்று அங்கணமும் ஒன்றாகும். தெற்குப் பக்கம் முழுக்கச் சல்லடைக் கதவுகள், ஓர் அங்கணத்துக்கு வழக்கமாக நாலு. அவை கீலில் தொங்குவதில்லை. மேலும் கீழும் முளைகள் குழிகளில் நிற்கும். மேல்குழி ஆழமானது, கீழ்க்குழி ஆழமற்றது. கதவை மேலே தூக்கிக் கீழ்முனையை வெளியே இழுத்தால் கையோடு வந்துவிடும். பெருநாளன்று பன்னிரண்டு கதவுகளையும் எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டால் முற்றம் முழுவதும் ஆலயத்தின் உடலாகிவிடும். 75 பேருக்கான இடத்தில் சில நூறு பேர் திருப்பலி காணலாம். இந்த ஏற்பாட்டின் உண்மையான வலிமை இதில்தான் இருக்கிறது என்பேன், கூடத்தில் அல்ல.

பலவீனம் பார்வைக்கோட்டில். நடு அங்கணத்தில் நிற்பவர் எதிரே பீடம்; பக்க அங்கணத்தில் நிற்பவருக்கு நடுவே தூண். பெண்களும் ஆண்களும் பிரிந்து நிற்க வேண்டிய சமூகத்தில் இதையே வசதியாக்கிக்கொண்டார்கள்: கிழக்கே ஆண்கள், மேற்கே பெண்கள், நடுவில் பீடம். சில நகரங்களில் 17-ஆம் நூற்றாண்டில் பெண்களுக்கென்று தனி ஆலயமே இருந்தது.

இன்னொரு சிக்கல் கட்டடக்கலைக்குள் அடங்காதது. தலைமைக் கூடத்தின் நடு அங்கணம் முன்னோர்க்கு மரியாதை செய்யும் இடம், பெயர்ப்பலகை நிற்கும் இடம். பீடம் வந்து அங்கே உட்கார்ந்தால் பலகை எங்கே போகும்? முன்னோர் சடங்குகளைத் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1742-இல் முற்றாகத் தடைசெய்தார். 1939-இல்தான் உரோமை அதைத் தளர்த்தியது. கிறிஸ்தவரான குடும்பத்தின் வீட்டில் அந்த மூன்று மீட்டர் இடத்தின் மேல் எவ்வளவு சச்சரவு நடந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கூடத்தைத் திருப்பிப் போடுவது

இரண்டாவது வழி, ஒடுங்கிய முனையில் வாசலைத் திறப்பது. மேலே போட்ட கணக்கையே திருப்பிப் பாருங்கள். ஏழு வளைமரக் கூடத்தில் முன்னும் பின்னும் ஒவ்வோர் இடைவெளி தாழ்வாரமாகப் போகும்; நடுவே நாலு இடைவெளியை, அதாவது 4.3 மீட்டரை, ஒரே உத்திரம் தாண்டும். ஒடுங்கிய முனையில் நுழைந்தால் அந்த 4.3 மீ. நடுக்கூடமாகிறது, தாழ்வாரங்கள் இரண்டும் பக்க நடைகளாகின்றன. பழைய ஐரோப்பிய பசிலிக்காவின் தரைப்படமும் ஏறக்குறைய இதுதான்: உயர்ந்த நடுக்கூடம், இருபுறமும் தூண் வரிசை, அதற்கப்பால் தாழ்ந்த நடை. நீளம் போதாவிட்டால் அங்கணத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஏழு அங்கணம் 22.4 மீ. சீனச் சட்டகத்துக்கு அந்தத் திசையில் எல்லையே இல்லை.

எல்லை இருப்பது அகலத்திலும் உயரத்திலும். கூரையின் வளைவு கூட வாய்ப்பாட்டின்படிதான்: இறவாரத்திலிருந்து முதல் இடைவெளியில் பத்துக்கு ஐந்து ஏற்றம், அடுத்ததில் ஏழு, முகட்டருகே ஒன்பது. நம் கூடத்தில் அது 0.53, 0.75, 0.96 மீ.; கூட்டினால் 2.24. தூணுக்கு மேலே இதை வைத்தால் முகடு தரையிலிருந்து 4.8 மீட்டரில்தான். குறுக்கே ஓடும் உத்திரங்கள் மூன்று மீட்டர் சொச்சத்தில் தலைக்கு மேலேயே தெரியும். ஆகவே திருப்பிப் போட்ட கூடத்தில் காகித உட்கூரையைக் கழற்றிவிடுவது முதல் வேலை. வைத்திருந்தால் பத்தாயத்துக்குள் நிற்பது போலிருக்கும்.

நடுக்கூடத்தை 8.6 மீட்டராக்கினால் என்ன என்று கேட்கலாம். உத்திரத்தின் குறுக்களவும் மீட்டருக்கான பாரமும் மாறாமல் நீளத்தை மட்டும் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும். அதைச் சமாளிக்கும் பருமனுள்ள ஒற்றை மரம் வட சீனாவில் அரண்மனைக்கே அரிது. இரும்புப் பட்டையால் கட்டிய கூட்டு உத்திரமும் பிற்காலக் காங்கிரீட்டும் இந்த இடத்தில்தான் நுழைந்தன.

வெளிச்சம் அடுத்த தொல்லை. பழைய அமைப்பில் தெற்குப் பக்கம் முழுக்கத் திறப்பு, வடக்கு அடைப்பு. திருப்பினால் நீளப் பக்கங்கள் இரண்டிலும் சன்னல் வைக்கலாம்தான், ஆனால் தாழ்வாரமும் நீண்ட இறவாரமும் ஒளியைத் தின்றுவிடும். கூரையை இரண்டு அடுக்காக்கி, நடுக்கூடத்தின் மேல் சுவரில் சன்னல் வரிசை வைப்பது நல்ல தீர்வு. இதை மிகச் சுத்தமாகச் செய்து காட்டியிருப்பது சீனாவில் அல்ல, பக்கத்துக் கொரியாவில்: காங்ஹ்வா தீவில் 1900-இல் கட்டிய ஆங்கிலிக்கன் ஆலயம், முழுக்க மரச்சட்டகம், ஒடுங்கிய முனையில் வாசல், மேலே ஒளி வரிசை. பெய்ஜிங்கில் ஆங்கிலிக்கன் ஆயர் சார்ல்ஸ் பெர்ரி ஸ்காட் 1907-இல் எழுப்பிய இரட்சகர் ஆலயம் வேறு வழியில் போனது: சாம்பல் செங்கல்லில் சிலுவை வடிவத் தரைப்படம், கூரைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தின் மேல் எண்கோணச் சிறு மண்டபங்கள், ஒளி அவற்றின் வழியே இறங்கும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவை கோபுரமாகவும் இருக்கும்.

திருப்பிய கட்டடத்துக்கு முகமும் வேண்டும். சீனத் தெருவில் முக்கோணச் சுவர் என்பது கட்டடத்தின் விலாப்பக்கம். அதை வழக்கமாக முகப்பாக்குவதில்லை. குய்யாங் நகரின் வடக்குத் தேவாலயத்தில், 1870-களில் திரும்பக் கட்டியபோது, நினைவு வளைவு போன்ற ஓர் அடுக்கு முகப்பை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். யுன்னான் மாகாணத்தின் தாலி நகர ஆலயத்தில் பாய் இனத் தச்சர்கள் முனைக்கூரையையே அடுக்கடுக்காகத் தாங்கு கட்டைகளால் உயர்த்திவிட்டார்கள். என் கண்ணுக்குத் தாலி ஆலயமே மேல். முகப்பும் கூரையும் அங்கே ஒரே வேலையாக இருக்கின்றன.

மூன்றாவது வழி, நீளமா அகலமா என்ற கேள்வியையே தவிர்ப்பது. ஹாங்காங்கின் ஷாட்டினில், நார்வே மறைபரப்பாளர் கார்ல் லுத்விக் ரெய்ஷெல்ட், பௌத்தத் துறவிகளோடு உரையாடுவதற்காக 1930-களில் தாவ் ஃபொங் ஷான் மையத்தை அமைத்தார். டேனிஷ் கட்டடக் கலைஞர் ப்ரிப்-முல்லர் சீன பௌத்த மடங்களை நேரில் அளந்து ஆராய்ந்தவர். அவர் அங்கே கொடுத்தது எண்கோண ஆலயம். தாமரை மேல் நிற்கும் சிலுவை அம்மையத்தின் அடையாளம். எண்கோணத்தில் எல்லோருக்கும் பீடம் தெரியும். ஆனால் சபை பெருகினால் ஓர் அங்கணம்கூடச் சேர்க்க முடியாது.

முற்றத்தை எடுத்துக்கொள்வது

உரோமையின் பிரதிநிதியாக 1922-இல் சீனா வந்த செல்சோ கொஸ்தாந்தினி, ஐரோப்பாவின் கூர்வளைவுக் கோதிக் பாணி இங்கே அந்நிய ஆட்சியின் முத்திரையாகத் தெரிகிறது என்று வெளிப்படையாக எழுதினார். அவர் அழைப்பில் 1927-இல் வந்த டச்சு பெனடிக்டின் துறவி அடெல்பெர்ட் கிரெஸ்னிக்ட், பெய்ஜிங்கில் ஃபூ ஜென் பல்கலைக்கழகத்தை வடிவமைத்தார். 1929-இல் அடிக்கல், அடுத்த ஆண்டு கட்டடம். வெளியே கோட்டைச் சுவர், மூலைகளில் உயர்ந்த பகுதிகள், பச்சை மெருகு ஓடு, உள்ளே முற்றங்கள். பல்கலைக்கழகம் அதுவரை இயங்கியது ஒரு சிங் இளவரசரின் மாளிகையில். பச்சை ஓடு இளவரசர்களுக்கு உரிய நிறம், மஞ்சள் பேரரசருக்கு. அது தேவாலயம் அல்ல, கல்லூரிதான். ஆனாலும் கூரையை மட்டும் கடன் வாங்காமல் முற்றத்தை வைத்து யோசித்த பெரிய திட்டம் என்பதால் தவிர்க்க முடியாது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் பெய்ஜிங்கிலேயே உண்டு. 1880-களின் இறுதியில் கட்டிய ஷிஷிகு தேவாலயம் அப்பட்டமான கோதிக். முன்னால் சீன மேடையும், அரச கல்வெட்டுகள் நிற்கும் மஞ்சள் ஓட்டு மண்டபங்கள் இரண்டும். உடல் ஐரோப்பா, வாசல் சீனா. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒன்றோடொன்று பேசுவதில்லை.

முற்றம் கிறிஸ்தவத்துக்குப் புதிதும் அல்ல. யூப்ரட்டீஸ் கரையில் துரா-யூரோபோஸ் நகரில் மூன்றாம் நூற்றாண்டில் ஒரு முற்ற வீட்டின் இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துச் சபைக் கூடமாக்கினார்கள். வேறோர் அறை திருமுழுக்குக்கு. உள்தடுப்பைக் கழற்றும் அதே வேலைதான்.

வீட்டு மாதிரியைப் பின்பற்றினால் பக்க அறைகளுக்கும் வேலை தானாக அமைகிறது. ஒருபுறம் மறைக்கல்வி, மறுபுறம் மருந்தகமோ குருவின் அறையோ, தெற்கு வரிசையில் வாயிற்காப்பாளரும் விருந்தினரும். மறைப்புச் சுவரில் நற்பேற்று எழுத்து இருந்த இடத்தில் மறைநூல் வரி.

எங்கே பழுதாகும்

முதலில் கூரைகள் சேரும் பள்ளம். முற்ற வீட்டில் கூரைகள் சேர்வதில்லை என்றோம் அல்லவா. சிலுவைத் தரைப்படத்தில் நாலு கூரைகள் 45 பாகையில் முட்டிக்கொள்கின்றன. சீன ஓட்டின் அடியில் கைமரம், பலகை, அதன்மேல் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த தடித்த மெத்தை. அதில்தான் ஓடு பதிகிறது. பள்ளத்தில் ஓர் ஓடு நகர்ந்தால் நீர் உடனே ஒழுகாது, மெத்தை அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கீழே கறை தெரிவதற்குள் கைமரத்தின் மேல்பாதி உளுத்திருக்கும். கூரையில் புல் முளைப்பதே முதல் எச்சரிக்கை. புல்லை வெறுமனே பிடுங்கினால் வேரோடு மெத்தையும் பெயரும். பிடுங்கிய இடத்தைச் சுண்ணச் சாந்தால் உடனே அடைக்க வேண்டும்.

மணி. சீன மணி அசையாது, நாக்கும் இல்லை. வெளியிலிருந்து கட்டையால் அடிப்பார்கள். ஐரோப்பிய மணி முழுதாக ஊசலாடும், ஒவ்வோர் ஆட்டத்திலும் தாங்கும் சட்டகத்தைப் பக்கவாட்டில் தள்ளும். சீன மூட்டுகள் முளையும் துளையும்தான், ஆணி இல்லை. நிலநடுக்கத்துக்கு நெகிழ்ந்து கொடுக்கும் அதே குணம், தினமும் மூன்று முறை ஆட்டினால் மூட்டைத் தளர்த்திவிடும். மணியைக் கூரைச் சட்டகத்தில் தொங்கவிடக் கூடாது. முற்றத்தில் தனி மண்டபமோ உள்வாசலின் மேலோ நல்லது. காங்ஹ்வாவில் உள்வாசலே மணி மண்டபம்.

தரை. முற்றத்து நீர் தென்கிழக்கு மூலையில், வாசலருகே வெளியேறும்படிதான் பழைய வீடுகள் சரிக்கப்பட்டிருக்கும். வாசலை நடுவுக்கு மாற்றும்போது பலர் வடிகாலை மறந்து மூலையை அடைத்துவிடுகிறார்கள். பெய்ஜிங்கின் மழை பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதங்களில் கொட்டுவது. முற்றம் குளமாகி, தூண்களின் அடிக்கல்லைத் தாண்டி மரத்தைத் தொட்டால் அடியிலிருந்து அழுகல் தொடங்கும். மீட்டருக்கு ஒரு செ.மீ. சரிவு, இறவாரத்து நீர் விழும் கோட்டில் சுவரை விட்டு வெளியே சரியும் கல் அல்லது செங்கல் பட்டை, அடைபடாத மூலை வடிகால்: இந்த மூன்றும் இருந்தால் போதும்.

கடைசியாக இக்காலத்து ஆசை ஒன்று: முற்றத்துக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டு அதையே பெரிய வழிபாட்டுக் கூடமாக்குவது. இடம் கிடைக்கும்தான். ஆனால் நாலு பக்கக் கூரைகளின் நீரும் இதுவரை முற்றத்தில் விழுந்தது. இனி கண்ணாடியின் ஓரத்தில், பழைய இறவாரத்துக்கு மேலேயே தேங்கும். கோடையில் வெப்பம் வெளியேற வழியில்லை, குளிர்காலத்தில் கூட்டத்தின் மூச்சு கண்ணாடியில் நீராகிச் சொட்டும். செய்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடியைப் பழைய மரத்தின் மேல் சாய்க்காமல் தனி எஃகுத் தூண்களில், இறவாரத்தை விட ஓர் ஆள் கைநீளம் உயர்த்தி நிறுத்துங்கள். பக்க இடைவெளியைக் காற்றுக்கு விட்டுவிடுங்கள். அதன் நீருக்குத் தனிக் குழாய் போட்டு, தென்கிழக்கு வடிகாலிலேயே சேர்த்துவிடுங்கள்.